முதல் தேனீப் பெட்டி: முதலாண்டில் கூட்டத்தைக் காப்பாற்றுவது எப்படி?

"தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் விடுவானா" என்பது பழமொழி. முதன்முதலாகத் தேனீப் பெட்டி வைக்கும் விவசாயிக்கும் இந்த ஆசை வருவது இயற்கையே. பெட்டி வைத்த சில மாதங்களிலேயே தேனை எதிர்பார்த்து, இருந்ததையெல்லாம் எடுத்துவிடுகிறார். மழைக்காலத்தில் ஒரு நாள் மூடியைத் திறந்து பார்த்தால், ஒரு தேனீகூட இல்லாமல் வெறும் அடைகள் மட்டும் தொங்குகின்றன. பிறகு அந்தப் பெட்டி மாட்டுக்கொட்டகை மூலைக்குப் போய்விடுகிறது. "நம் ஊருக்குத் தேனீ ஒத்துவராது" என்ற பேச்சும் பரவிவிடுகிறது.

பெரும்பாலும் குறை ஊரில் இல்லை. தேனீக்களுக்கும் பஞ்ச காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் அவற்றைக் காப்பாற்ற வேண்டியது பெட்டி வைத்தவரின் பொறுப்பு. இதை அறியாததால்தான் நஷ்டம் ஏற்படுகிறது. முதலாண்டில் ஒரே ஒரு பூப்பருவத்தையும் ஒரே ஒரு பஞ்ச காலத்தையும் கூட்டம் கலையாமல் கடந்துவிட்டால், தேனீ வளர்ப்பில் முக்கால் பங்கு பாடம் முடிந்துவிட்டது எனலாம்.

எந்தத் தேனீ?

நம் நாட்டில் உள்ள மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் திறந்த வெளியில் ஒரே அடை கட்டி வாழ்பவை. இவற்றைப் பெட்டியில் வளர்க்க இயலாது. மரப்பொந்து, பாறை இடுக்கு, கிணற்றுச் சுவர், கரையான் புற்று ஆகிய இருட்டான இடங்களில் பல அடைகளை வரிசையாகக் கட்டும் இந்தியத் தேனீயே சிறு விவசாயிக்கு ஏற்றது. இதை அடுக்குத் தேனீ என்றும் சொல்வார்கள். வெளிநாட்டு இனமான இத்தாலியத் தேனீ அதிகத் தேன் தரும் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பரந்த பூப்பரப்பு தேவை. பூவைத் தேடிப் பெட்டிகளை ஊர் ஊராக எடுத்துச் செல்லவும் வேண்டியிருக்கும். ஓரிரு பெட்டிகளுடன் தொடங்குபவருக்கு இது சரிப்படாது.

இந்தியத் தேனீக் கூட்டம் ஒன்றிலிருந்து நல்ல பராமரிப்பில் ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 10 கிலோ வரை தேன் கிடைக்கலாம். இடத்துக்கும் பருவத்துக்கும் தக்கபடி இது கூடும், குறையும். தேனைத் தவிர, சூரியகாந்தி, பூசணி, பாகல், புடல், எள், கொத்தமல்லி, தென்னை போன்ற பயிர்களில் மகரந்தச் சேர்க்கை நன்றாக நடந்து காய்ப்பு கூடுவதும் இலாபத்தில் சேரும். தேன் எடுக்காத ஆண்டிலும் இந்தப் பயன் உண்டு.

முதலில் பூக் கணக்கு

பெட்டி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இந்தியத் தேனீ இரை தேடிச் செல்லும் தூரம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கும். தோட்டத்தைச் சுற்றி அந்தத் தூரத்துக்குள் எந்த மரம், எந்தப் பயிர், எந்த மாதத்தில் பூக்கிறது என்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.

தேனீக்குப் பூக்களிலிருந்து இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று மதுரம், இதுவே தேனாக மாறுகிறது. மற்றொன்று மகரந்தம், புழுக்களை வளர்க்க இது இன்றியமையாதது. வேம்பு, புங்கம், புளி, நாவல், முருங்கை, இலந்தை ஆகியவை மதுரத்துக்கு உதவும். சோளம், மக்காச்சோளம், கம்பு ஆகியவை மகரந்தத்துக்கு உதவும். தென்னையில் மாதந்தோறும் பாளை வெடிப்பதால் ஆண்டு முழுவதும் ஓரளவு உணவு கிடைக்கும். எனவே தென்னந்தோப்பு உள்ளவர்களுக்குத் தேனீ வளர்ப்பு எளிது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தேன் மிகுதியாகக் கிடைப்பதற்கு ரப்பர் தோட்டங்கள் காரணம். ரப்பர் மரம் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும் தை முதல் பங்குனி வரையான காலத்தில், இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகளிலிருந்து மதுரம் கசிகிறது. தேனீக்கள் பூவுக்குப் போகாமல் இலையிலிருந்தே இதைச் சேகரிக்கின்றன. மற்ற மாவட்டத்து விவசாயிகள் அங்குள்ள விளைச்சலைக் கேட்டுத் தங்கள் ஊரிலும் அதே அளவை எதிர்பார்க்கக் கூடாது.

குறிப்பு நோட்டில் இரண்டு மாதங்களுக்கு மேல் தொடர்ந்து பூவே இல்லாமல் இருந்தால், அந்தக் காலத்தில் உணவு கொடுத்தே கூட்டத்தைக் காக்க வேண்டியிருக்கும். அதற்கு ஆகும் சர்க்கரைச் செலவையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

பெட்டி வாங்குதல்

தென்னிந்தியாவில் 1911 முதல் 1917 வரை கிராம மக்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தவர் நியூட்டன் பாதிரியார். இந்தியத் தேனீயின் உடல் அளவுக்கு ஏற்ப அவர் அமைத்த பெட்டி இன்றும் நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. இதில் அடிப்பலகை, 7 சட்டங்கள் கொண்ட புழு வளர்ப்பு அறை, அதன் மேல் உயரம் குறைந்த தேன் அறை, மேல் மூடி ஆகிய பாகங்கள் உள்ளன. மார்த்தாண்டம் பெட்டி, இந்தியத் தர நிர்ணயப்படி செய்யப்படும் பெட்டி ஆகியவையும் புழக்கத்தில் இருக்கின்றன.

எந்த வகையை வாங்கினாலும் தொடர்ந்து அதே வகையை வாங்க வேண்டும். ஒரு வகைப் பெட்டியின் சட்டம் மற்றதில் பொருந்தாது. நன்கு உலர்ந்த மரத்தில் செய்திருக்க வேண்டும்; ஈர மரம் பின்னால் வளைந்து இடைவெளி விடும். சட்டங்களுக்கு இடையிலும், சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையிலும் தேனீ நடமாடும் அளவுக்குச் சுமார் 7 முதல் 9 மில்லிமீட்டர் சந்து இருக்க வேண்டும். சந்து அதிகமானால் தேனீக்கள் அங்கே குறுக்கு அடை கட்டிவிடும். பிறகு சட்டத்தைத் தூக்க முடியாது. பெட்டியின் வெளிப்புறம் வர்ணம் பூசலாம். உட்புறம் பூசக் கூடாது.

கூட்டம் பெறுதல்

தொடங்குபவர், அனுபவமுள்ள வளர்ப்பாளரிடமிருந்து கூட்டத்துடன் பெட்டி வாங்குவதே மேல். வாங்கும்போது மூடியைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். குறைந்தது நான்கைந்து சட்டங்களில் தேனீக்கள் நெருக்கமாக அமர்ந்திருக்க வேண்டும். அடையின் அறைகளில் அடிப்பகுதியில் சிறு நூல் துண்டு போல ஒற்றை முட்டை தெரிய வேண்டும். முட்டை இருந்தால் ராணியை நேரில் காணாவிட்டாலும் கவலையில்லை. ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டைகள் தாறுமாறாக இருந்தால் ராணி இல்லாமல் பணித் தேனீக்களே முட்டையிடுகின்றன என்று பொருள். அத்தகைய கூட்டத்தை வாங்கக் கூடாது.

பொந்திலிருந்து கூட்டம் பிடிக்க விரும்புவோர், பழகிய ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மாலையில் பிடிக்க வேண்டும். புழு உள்ள அடைகளைச் சேதமில்லாமல் அறுத்து, சட்டத்தின் அளவுக்கு வெட்டி, வாழை நாரால் சட்டத்தில் கட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். சில நாட்களில் தேனீக்கள் அடையைச் சட்டத்துடன் ஒட்டிவிட்டு நாரைக் கடித்து வெளியேற்றிவிடும். ராணி பெட்டிக்குள் வந்துவிட்டால் மற்றவை தாமே பின்தொடரும். புது இடத்தில் ஓடிவிடாதிருக்க முதல் சில நாட்களுக்கு வாயிலில் ராணித் தடுப்பு பொருத்தலாம். அதன் சந்தில் பணித் தேனீ போய் வரும். உடல் பெரிய ராணி நுழைய முடியாது.

பெட்டியை இரவில் மட்டுமே இடம் மாற்ற வேண்டும். பகலில் மாற்றினால் வெளியே சென்ற தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பி வந்து வீணாகும். ஒரே தோட்டத்துக்குள் நகர்த்த வேண்டுமானால் நாளுக்கு ஓரிரு அடியாக நகர்த்திச் செல்ல வேண்டும்.

இயன்றால் இரண்டு கூட்டங்களாகத் தொடங்குவது உத்தமம். ஒன்றுடன் ஒன்றை ஒப்பிட்டுப் பார்த்தால் எது நலிகிறது என்பது உடனே புரியும். ஒன்றில் ராணி இறந்துவிட்டால், நோயில்லாத மற்றதிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டத்தை எடுத்து வைத்து, புது ராணியை உருவாக்கிக்கொள்ளச் செய்யலாம்.

வைக்கும் இடம்

காலை வெயில் படும்படியும் நண்பகலில் நிழல் இருக்கும்படியும் உள்ள மர நிழல் நல்லது. வாயில் கிழக்கு நோக்கி இருந்தால் தேனீக்கள் காலையில் சீக்கிரம் வேலைக்குக் கிளம்பும். அருகில் சுத்தமான தண்ணீர் வேண்டும். இல்லாவிட்டால் ஓர் அகன்ற தட்டில் தண்ணீர் வைத்துக் கூழாங்கற்களைப் போட்டு வைக்கலாம். வண்டிப் பாதை, மாடு கட்டும் இடம், இரவில் விளக்கு எரியும் இடம், புகை வரும் இடம் ஆகியவை கூடாது. பெட்டியைத் தாங்கும் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்து எறும்பைத் தடுக்க வேண்டும். கிண்ணம் வற்றினால் ஒரே இரவில் எறும்பு ஏறிக் கூட்டத்தை விரட்டிவிடும்.

வாரம் ஒருமுறை சோதனை

ஆவல் மிகுதியால் தினமும் பெட்டியைத் திறப்பது, தொடங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு. வாரத்துக்கு அல்லது பத்து நாளைக்கு ஒருமுறை போதும். மழை, பலத்த காற்று, கடும் வெயில் இல்லாத நேரமாக இருக்க வேண்டும். பெட்டியின் முன்புறம் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, தேங்காய் நாரைக் கொளுத்திய புகையைச் சிறிதளவு காட்டித் திறக்க வேண்டும். வெளிர் நிற உடை நல்லது. வாசனை எண்ணெய், அத்தர் கூடாது.

சட்டத்தை நேராக மேலே தூக்கி, பெட்டிக்கு நேர் மேலேயே பிடித்துப் பார்க்க வேண்டும். ராணி தவறி விழுந்தாலும் பெட்டிக்குள்ளேயே விழும். புது அடையைப் படுக்கையாகச் சாய்த்தால் ஒடிந்துவிடும்.

ஒவ்வொரு சோதனையிலும் பார்க்க வேண்டியவை ஐந்து:

1. முட்டை இருக்கிறதா?

2. அடையின் மேல் ஓரத்தில் தேனும், அதை ஒட்டி மகரந்தமும் சேமிப்பில் உள்ளனவா?

3. அடையின் கீழ் ஓரத்தில் நிலக்கடலை போன்ற ராணி அறைகள் தொங்குகின்றனவா? இருந்தால் கூட்டம் பிரியத் தயாராகிறது. இடம் போதாமல் இருந்தால் தேன் அறையை வைத்து இடம் கொடுக்க வேண்டும். ராணி நன்றாக முட்டையிடுவதை உறுதி செய்துகொண்ட பிறகே அந்த அறைகளைக் கிள்ளலாம்.

4. அடிப்பலகையில் மெழுகுத் தூளும் குப்பையும் சேர்ந்துள்ளனவா? இருந்தால் சுரண்டித் துடைக்க வேண்டும். மெழுகுப் பூச்சி இந்தக் குப்பையில்தான் முதலில் பெருகுகிறது.

5. தேனீக்கள் மூடாத வெற்று அடைகள் உள்ளனவா? இருந்தால் எடுத்துவிட வேண்டும். மெழுகுப் பூச்சியின் புழு அடுத்தபடியாக அங்கேதான் வலை பின்னும்.

பார்த்ததைத் தேதியிட்டு நோட்டில் எழுதிவைத்தால் அடுத்த ஆண்டுக்கு அதுவே வழிகாட்டி.

கொட்டிவிட்டால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுக்க வேண்டும். மூச்சுத் திணறல், மயக்கம், உடல் முழுதும் தடிப்பு ஏற்பட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அத்தகையவர் இத்தொழிலில் இறங்காதிருப்பதே நல்லது.

நாற்பது நாள் கணக்கு

வேம்பு பூத்துக் குலுங்கும்போது பெட்டியில் தேனீக்கள் குறைவாக இருந்தால் தேன் சேராது. கூலியாட்கள் இல்லாத அறுவடை போன்றதுதான் அது. ராணி இட்ட முட்டை பணித் தேனீயாக வெளிவரச் சுமார் 20 நாள் ஆகிறது. வெளிவந்த தேனீ முதல் இரண்டு மூன்று வாரங்கள் கூட்டுக்குள் புழுவுக்கு உணவூட்டல், அடை கட்டல் போன்ற வேலைகளைச் செய்துவிட்டுப் பிறகே வெளியே இரை தேடப் புறப்படுகிறது. ஆக, பங்குனி இறுதியில் பூவில் அமர வேண்டிய தேனீ மாசி நடுவிலேயே முட்டையாக இடப்பட்டிருக்க வேண்டும்.

எனவே பூப்பருவத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே கூட்டத்தில் சேமிப்பு குறைவாக இருந்தால் சர்க்கரைப் பாகு கொடுத்து ராணியை முட்டையிடத் தூண்ட வேண்டும். புழு வளர்ப்பு அறையின் 7 சட்டங்களிலும் தேனீக்கள் நிறைந்த பிறகே தேன் அறையை மேலே வைக்க வேண்டும். தேன் அறை வைத்தபின் சர்க்கரைப் பாகு கொடுக்கக் கூடாது. கொடுத்தால் தேனில் சர்க்கரை கலந்துவிடும்.

பூ இல்லாத காலம்

முதலாண்டில் கூட்டம் தங்குமா, ஓடுமா என்பது இந்தக் காலத்தில்தான் முடிவாகிறது. அடைமழைக் காலத்தில் தேனீ வெளியே போக முடியாது. போனாலும் பூவில் மதுரம் இருக்காது. சேமிப்பு தீர்ந்ததும் ராணி முட்டையிடுவதைக் குறைக்கும். பிறகு ஒரு நாள் கூட்டம் முழுவதும் பெட்டியை விட்டுப் பறந்துவிடும். இந்தியத் தேனீக்கு இந்தச் சுபாவம் அதிகம். பெட்டியில் தேனும் இல்லை, முட்டையும் இல்லை என்று காணும்போதே எச்சரிக்கையாகிவிட வேண்டும்.

கால் கிலோ சர்க்கரையைக் கால் லிட்டர் வெந்நீரில் கரைத்து, நன்கு ஆறவைத்து, வாரம் இருமுறை கொடுக்கலாம். சிரட்டையில் ஊற்றிச் சில குச்சிகளைப் போட்டு வைத்தால் தேனீக்கள் மூழ்காமல் அமர்ந்து குடிக்கும். மாலை மங்கிய பிறகே கொடுக்க வேண்டும். பாகு வெளியே சிந்தினால் எறும்பும் அயல் கூட்டத்துத் தேனீக்களும் கொள்ளையிட வந்துவிடும். வெல்லப் பாகு கூடாது. தேனீக்களுக்கு வயிற்றுப்போக்கு உண்டாகும். காலியான தேன் அறையை எடுத்துவிட்டு, வாயிலையும் குறுக்கிவைத்தால், குறைந்த தேனீக்கள் உள்ள கூட்டமும் குளவியிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும்.

நோயும் பூச்சிமருந்தும்

1991–92ஆம் ஆண்டுகளில் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவி, இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. மார்த்தாண்டம் பகுதியில் தேனீயை நம்பியிருந்த பல குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. பிழைத்த கூட்டங்களிலிருந்தே தொழில் மீண்டும் தழைத்தது. இந்நோய் இப்போதும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. நோய் கண்ட புழு அறைக்குள் தலை மேல்நோக்கியபடி இறந்து கிடக்கும். குச்சியால் தூக்கினால் நீர் நிறைந்த பை போல வரும். இதற்கு மருந்து கிடையாது. அத்தகைய அடைகளை எடுத்து எரித்துவிட வேண்டும். அந்தப் பெட்டியின் சட்டம், தேன் எதையும் வேறு கூட்டத்துக்குக் கொடுக்கக் கூடாது. அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் உடனே காட்டி ஆலோசனை பெற வேண்டும்.

பயிருக்குப் பூச்சிமருந்து தெளிப்பதை, பூத்திருக்கும் நேரத்தில் இயன்றவரை தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாவிட்டால் தேனீக்கள் கூடு திரும்பிய பின் மாலையில் தெளிக்க வேண்டும். அடுத்த வயல்காரரிடமும் பெட்டி இருப்பதை முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம். அவருடைய பூசணியும் பாகலும் காய்ப்பதில் இந்தத் தேனீக்களுக்குப் பங்கு உண்டு என்பதை எடுத்துச் சொன்னால் அவரும் ஒத்துழைப்பார்.

தேன் எடுத்தல்

தேன் அறையில் உள்ள அடைகளில் முக்கால் பாகத்துக்கு மேல் மெழுகு மூடி போட்டிருந்தால் தேன் முதிர்ந்துவிட்டது. அதற்கு முன் எடுத்தால் நீர் அதிகமாக இருந்து புளித்துவிடும். மூடியைக் கத்தியால் சீவி, கையால் சுற்றும் தேன் பிரிக்கும் கருவியில் வைத்து எடுக்க வேண்டும். கருவி இல்லாதவர்கள் பக்கத்து வளர்ப்பாளரிடம் இரவல் வாங்கலாம். அடை சிதையாமல் இருந்தால் தேனீக்கள் அதையே மீண்டும் நிரப்பும். புது அடை கட்டும் உழைப்பு மிச்சம். தேனை மெல்லிய துணியில் வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடிப் பாத்திரத்தில் வைக்க வேண்டும்.

புழு வளர்ப்பு அறையில் உள்ள தேனை ஒருபோதும் தொடக் கூடாது. அது தேனீக்களின் விதைநெல். எவ்வளவு பசித்தாலும் விதைநெல்லைக் குத்திச் சமைக்காத குடியானவர், இதையும் அவ்வாறே கருத வேண்டும். பருவத்தின் கடைசியில் தேன் அறையிலும் ஓரளவு விட்டுவைத்தால் மழைக்காலச் சர்க்கரைச் செலவு குறையும்.

முதலாண்டில் ஒரு கிலோ தேன்தான் கிடைத்தது என்றாலும், அடுத்த தை மாதத்தில் பெட்டியைத் திறக்கும்போது ராணி முட்டையிட்டுக்கொண்டும் சட்டங்களில் தேனீக்கள் நெருங்கிக்கொண்டும் இருந்தால் அதுவே வெற்றி. இரண்டாம் ஆண்டில் அந்தக் கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கலாம். தேனும் கூடுதலாகக் கிடைக்கும். ஒரு பெட்டியைக் காப்பாற்றத் தெரிந்தவர் பத்துப் பெட்டிகளையும் காப்பாற்றுவார். ஆகவே விவசாயிகள் சிறிதாகத் தொடங்கி, பஞ்ச காலத்தில் கூட்டத்துக்கு உணவளித்து, இத்தொழிலில் நிலையான பயன் பெறலாம்.